லசானியா பிறந்த கதையும் பெற்ற புகழும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் போர்களைக் கொண்டு எழுதுவது ஒரு முறை. அந்நாட்டு மக்களின் அடுக்களையைக் கொண்டு எழுதுவது மற்றொரு முறை. முன்னதற்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாகின்றன. பின்னதற்கோ சமையல் ஏடுகளும், பத்திரங்களும், துறவியர் எழுதிவைத்த நிகழ்ச்சிக் குறிப்புகளும் சான்றாகின்றன. அடுக்களை வரலாறு எளியது போலத் தோன்றினும், அதனை ஆராய்வோர்க்குப் பெருந்தடை ஒன்று உண்டு. புகழ்பெற்ற உணவு எதுவாயினும் அதனைத் தமதென்று உரிமை கொண்டாடப் பலர் முன்வருவர். ஒவ்வொருவர் கையிலும் சுவையான கதை ஒன்று இருக்கும். கதை எது, சான்று எது என்று பிரித்தறிவதே ஆராய்ச்சியின் முதற்பணியாகும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, இத்தாலி நாட்டின் லசானியா என்னும் உணவு. கோதுமை மாவைப் பிசைந்து, மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, நீரில் வேகவைத்து, தகட்டின்மேல் குழம்பும் பாலாடைக்கட்டியும் பரப்பி, அதன்மேல் மீண்டும் தகடு வைத்து, இவ்வாறு நான்கைந்து அடுக்குகள் எழுப்பி, சூட்டடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பதே லசானியா. இத்தாலியர் ஒரு தகட்டை லசாஞா என்றும், பல தகடுகளை லசாஞே என்றும் வழங்குவர். இன்று உலகின் பெருநகர்களில் எல்லாம் கிடைக்கும் இவ்வுணவு எங்கே, எப்பொழுது, எவரால் தோற்றுவிக்கப்பட்டது? இவ்வினாவிற்குக் கிரேக்கர், உரோமர், சீனர், ஆங்கிலேயர் என விடைகள் பல கூறப்பட்டுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் பயனுடைத்து.

பெயரின் மூலம்

முதலில் சொல்லைக் காண்போம். பழங்கிரேக்க மொழியில் லாகனோன் என்றொரு சொல் உண்டு. மாவைத் தட்டையாகத் தட்டிச் செய்யும் ஒருவகை அப்பத்தை அது குறித்தது. உரோமர் அதனை லாகனும் என்று இலத்தீனில் வழங்கினர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொரேஸ் என்னும் புலவர், மாலையில் வீடு திரும்பித் தாம் உண்ணும் எளிய உணவைக் குறிக்குமிடத்து, வெங்காய இனத்துக் கீரையையும் கொண்டைக்கடலையையும் இந்த அப்பத்தையும் ஒருங்கே கூறுகின்றார். இன்றும் கிரேக்க நாட்டில் நோன்புக் காலத்தின் முதல் திங்கட்கிழமையன்று உண்ணும் தட்டை ரொட்டிக்கு லாகானா என்பதே பெயர்.

வேறு சிலர் லாசனும் என்னும் இலத்தீன் சொல்லே மூலம் என்பர். அது பாத்திரத்தைக் குறிப்பது. பாத்திரத்தின் பெயர் அதில் சமைக்கும் பண்டத்திற்கு ஆகிவந்தது என்பது அவர்தம் கொள்கை. இவ்விரண்டனுள் எது மெய்யென்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

ஆயின் இங்கே ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். சொல் பழமையானது என்பதனாலேயே பொருளும் அத்துணைப் பழமையானது என்று ஆகிவிடாது. உரோமரின் லாகனும் சுட்டோ பொரித்தோ உண்ணப்பட்ட பண்டம். நீரில் வேகவைத்த தகடு அன்று. பெயரின் பழமையை மட்டும் கொண்டு பண்டத்தின் பழமையை நாட்டுவோர், தந்தையின் பெயர் மகனுக்கு இடப்பட்டமையால் இருவரும் ஒருவரே என வாதிடுவோரை ஒப்பர்.

அடுக்கும் எண்ணம்

அடுக்குதல் என்னும் எண்ணமோ உரோமரிடம் உறுதியாகவே இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி நூலெழுதிய கேட்டோ, மாவுத் தகடுகளுக்கு இடையே ஆட்டுப் பாலாடைக்கட்டியையும் தேனையும் கலந்து பரப்பி, அடுக்கடுக்காக வைத்துச் சுடும் இனிப்புப் பண்டம் ஒன்றின் செய்முறையை விரிவாக எழுதியுள்ளார். அப்பீசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூலிலும், இறைச்சிக் கலவையையும் மாவுத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கிச் செய்யும் உணவு கூறப்பட்டுள்ளது.

ஆகவே, அடுக்குதலும் சுடுதலும் உரோமர் அறிந்தவையே. இல்லாதது நீரில் வேகவைத்த பாஸ்தா ஒன்றே. அஃது எவ்வாறு வந்தது? 1154 ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜருக்காகப் புவிநூல் எழுதி முடித்த அரபு அறிஞர் அல் இத்ரீசி, பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் இத்ரியா எனப்படும் மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, கப்பல்களில் ஏற்றப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்துவ நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதைக் குறித்துள்ளார். உலர்ந்த பாஸ்தா வணிகப் பொருளாக விளங்கியமைக்கு இது மிக முதன்மையான சான்றாகும். உரோமரின் அடுக்கு முறையும், நடுநிலக் கடற்பகுதியில் பரவிய பாஸ்தாத் தொழிலும் இத்தாலிய மண்ணில் சந்தித்தன எனக் கொள்வது பொருத்தமாகும்.

ஏட்டில் ஏறிய லசானியா

லசானியா என்னும் பெயர் இத்தாலிய ஏடுகளில் தெளிவாகத் தோன்றுவது பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆகும். பொலோஞா நகரில் பத்திரங்களைப் பதிவு செய்யும் அலுவலர்கள், பதிவேட்டின் பக்கங்களில் வெற்றிடம் இருப்பின், அங்கே பிறர் எதனையும் சேர்த்தெழுதி மோசம் செய்யாதிருக்கும்பொருட்டு, அக்காலத்துப் பாடல்களை எழுதி நிரப்பிவிடுவது வழக்கம். அவ்வாறு 1282 ஆம் ஆண்டுப் பதிவேட்டில் எழுதப்பெற்ற ஒரு பாடலில் லசானியா குறிப்பிடப்பட்டுள்ளது. மோசடியைத் தடுக்க எழுதிய வரிகள் ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் உணவு வரலாற்றுக்குச் சான்றாக நிற்பது வியப்பன்றோ!

அதே காலத்தில் வாழ்ந்த சலிம்பேனே என்னும் துறவி, தமது வரலாற்றுக் குறிப்பில் பருத்த உடலினராகிய ஒரு துறவியைப் பற்றி எழுதுகையில், பாலாடைக்கட்டியுடன் லசானியாவை அவர்போல் விரும்பி உண்டவரைத் தாம் கண்டதில்லை என்னும் பொருள்பட நகைச்சுவையுடன் கூறுகின்றார். மடத்திற்குள்ளும் இவ்வுணவு நுழைந்துவிட்டமை இதனால் விளங்கும்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் இலத்தீன் சமையல் நூல் ஒன்று இதன் செய்முறையையே தருகின்றது. லிபர் தெ கொக்குவினா என்பது அந்நூலின் பெயர். சமையல் நூல் என்பது அதன் பொருள். புளிக்கவைத்த மாவை இயன்ற அளவு மெல்லியதாகத் தேய்த்து, மூன்று விரற்கடை அளவுள்ள சதுரங்களாக அறுத்து, உப்பு நீரில் வேகவைத்து, துருவிய பாலாடைக்கட்டியை இடையிடையே தூவி அடுக்க வேண்டும். விரும்பினால் பொடித்த நறுமணப் பொருள்களையும் சேர்க்கலாம். கூர்மையான மரக்குச்சியால் குத்தி எடுத்து உண்ண வேண்டும் என்று அந்நூல் கூறும். மேலைநாட்டார் பெரும்பாலும் கையால் உண்டுவந்த காலம் அது. வழுக்கும் சுடுதகட்டைக் கையால் எடுக்க இயலாமையே அம்மரக்குச்சியை வேண்டிற்று. இத்தாலியரிடையே முட்கரண்டி பிறரினும் முந்திப் பரவியமைக்குப் பாஸ்தாவும் ஒரு காரணம் என்பர்.

அக்காலத்து லசானியாவில் தக்காளி இல்லை, பாற்குழம்பு இல்லை. பெரும்பாலும் பாலாடைக்கட்டியும் நறுமணப் பொடியுமே இருந்தன. அந்நறுமணப் பொருள்களில் மிளகு மலையாளக் கரையிலிருந்தும், கிராம்பும் சாதிக்காயும் மலாயத் தீவுக்கூட்டத்தின் கீழ்க்கோடியிலிருந்தும் கடல் கடந்து சென்றவை. வெனிஸ் வட்டாரத்துப் பதினான்காம் நூற்றாண்டு நூலொன்று, நோன்புக் காலத்திற்கென இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இன்றி, அரைத்த அக்குரோட்டுப் பருப்பும் சருக்கரையும் நறுமணப் பொடியும் சேர்த்த லசானியாவைக் கூறுகின்றது. உணவு, சமய ஒழுக்கத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டமைக்கு இஃதொரு சான்று.

மார்க்கோ போலோ கதை

மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்னும் கதையைக் கேளாத மாணவர் அரியர். அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295 ஆம் ஆண்டில். பொலோஞா பதிவேடோ 1282 ஆம் ஆண்டினது. அல் இத்ரீசியின் நூல் அதற்கும் நூறாண்டுக்கு மேல் முந்தியது. வராத பயணி கொண்டுவந்த பண்டத்தை முன்னரே உண்டிருத்தல் எவ்வாறு இயலும்? இக்கதை பரவுவதற்கு 1929 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாஸ்தா உற்பத்தியாளரின் இதழில் வெளிவந்த கற்பனைக் கட்டுரை ஒன்று பெருந்துணை புரிந்தது. வணிக விளம்பரம் வரலாற்றின் உடையை உடுத்திக்கொண்டது.

இதனால் சீனரின் பழமை குறைந்துவிடாது. சீனத்தின் லாஜியா என்னுமிடத்தில் கவிழ்ந்து கிடந்த மண்கலத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முற்பட்ட மாவு இழைகள் கிடைத்ததாக 2005 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். மாவைப் பிசைந்து நீரில் வேகவைக்கும் எண்ணம் ஓரிடத்தில் மட்டுமே தோன்றியிருத்தல் வேண்டும் என்பதற்குக் கட்டாயம் எதுவுமில்லை.

மார்க்கோ போலோவுக்கும் லசானியாவுக்கும் உள்ள மெய்யான தொடர்பு, கதையைக் காட்டிலும் சுவையானது. அவர் நாடு திரும்பும் வழியில் சுமத்திராத் தீவில் சில திங்கள் தங்க நேர்ந்தது. அத்தீவின் பான்சூர் என்னும் பகுதியில் மரத்தினுள்ளிருந்து மாவு எடுக்கப்படுவதை அவர் வருணிக்கின்றார். அது சவ்வரிசி தரும் சேகோ மரமே. 1559 ஆம் ஆண்டில் வெளியான ரமூசியோவின் பதிப்பில், அம்மாவினால் லசானியாவும் பிற பண்டங்களும் செய்யப்பட்டன என்றும், மார்க்கோ போலோ அவற்றைப் பன்முறை உண்டார் என்றும் காணப்படுகின்றது. புதிய நாட்டுப் பண்டத்தை விளக்க, தம் நாட்டவர் நன்கறிந்த பெயரை அப்பதிப்பு ஆள்கின்றது. லசானியா என்னும் பெயர் இங்கே சென்றதேயன்றி, இங்கிருந்து அங்கே சென்றதன்று.

அப்பான்சூர், கற்பூரத்திற்குப் பேர்பெற்ற பாருஸ் துறைமுகமே என்பது அறிஞர் பலரின் துணிபு. பாருஸை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில்தான் 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. தமிழ் வணிகர் கல்லில் எழுதிச் சென்ற அதே கடற்கரை வட்டாரத்திற்கு இரு நூற்றாண்டுகள் கழித்து வந்த வெனிஸ் வணிகர் ஒருவரின் பயண நூலில் லசானியா இடம்பெறுவது கருதி மகிழத்தக்கதாகும்.

ஆங்கிலேயரின் உரிமைக் கோரிக்கை

2003 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்க்லி கோட்டையில் நடைபெறவிருந்த இடைக்கால விழாவை ஒட்டி, லசானியா ஆங்கிலேயரின் உணவே என்றொரு கோரிக்கை எழுந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர்கள் 1390 ஆம் ஆண்டளவில் தொகுத்த சமையல் ஏட்டில் லோசின்ஸ் என்றொரு பண்டம் உள்ளது. மெல்லிய மாவுத் தகடுகளை உலர்த்தி, சாற்றில் வேகவைத்து, பாலாடைக்கட்டியும் நறுமணப் பொடியும் தூவி, இரண்டு மூன்று அடுக்குகளாக அடுக்குமாறு அந்த ஏடு கூறுகின்றது. இலண்டனிலிருந்த இத்தாலியத் தூதரகம் இக்கோரிக்கையை ஏற்கவில்லை.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது அரிதன்று. ஆங்கில ஏடு மெய்யானது. அதன் செய்முறையும் லசானியாவை ஒத்ததே. ஆயினும் நேப்பிள்ஸ் நூல் அதனினும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளும், பொலோஞா பதிவேடு நூற்றெட்டு ஆண்டுகளும் மூத்தவை. அக்கால அரசவைச் சமையல் நூல்களும் சமையற்காரர்களும் நாடுவிட்டு நாடு சென்றதும் அறிந்ததே. ஆகவே ஆங்கில ஏடு, லசானியா இங்கிலாந்தில் பிறந்ததைக் காட்டவில்லை. அது பதினான்காம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துவரை எட்டியிருந்ததைக் காட்டுகின்றது. சான்று ஒன்றே, அதிலிருந்து பெறும் முடிவே வேறு.

தக்காளியின் வருகை

இன்று லசானியா என்றதும் கண்முன் தோன்றுவது அதன் சிவந்த நிறமாகும். அந்நிறத்தைத் தந்த தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸின் பயணத்திற்குப் பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலியில் 1544 ஆம் ஆண்டில் மத்தியோலி என்னும் மருத்துவ அறிஞர் அதனைக் குறிப்பிட்டார். எனினும் மக்கள் அதனை உடனே உணவில் சேர்க்கவில்லை. 1692 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸில் வெளியான அந்தோனியோ லத்தீனியின் நூலில் எசுப்பானிய முறைத் தக்காளிச் சாறு காணப்படுகின்றது. பாஸ்தாவும் தக்காளியும் இணைந்து ஏட்டில் தோன்றுவது 1790 ஆம் ஆண்டளவில்தான். ஆக, லசானியாவின் எழுநூறு ஆண்டு வாழ்வில் பெரும்பகுதி தக்காளி இன்றியே கழிந்துள்ளது.

நேப்பிள்ஸ் மக்கள் நோன்புக் காலம் தொடங்குமுன் வரும் திருவிழா நாளில் லசானியா சமைப்பர். சிறு இறைச்சி உருண்டைகள், ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி, அவித்த முட்டை, தக்காளியில் நெடுநேரம் கொதித்த இறைச்சிக் குழம்பு ஆகியவை அதில் நிறைந்திருக்கும். நாற்பது நாள் விலக்கப்படும் பண்டங்கள் யாவும் ஒரே தட்டில் விடைபெற்றுக்கொள்வது போன்ற காட்சி அது. அந்நாட்டின் கடைசி அரசரான இரண்டாம் பிரான்சிஸ் இவ்வுணவின்மீது கொண்டிருந்த பற்றினால், அவர் தந்தை பெர்டினாந்து அவரை லாசா என்றே செல்லமாக அழைத்தார். 1861 ஆம் ஆண்டில் அவருடைய அரசு வீழ்ந்தது. லசானியாவின் ஆட்சியோ வீழவில்லை.

பொலோஞாவும் மார்க்கேயும்

வடக்கே பொலோஞா நகரின் லசானியா வேறு வகையினது. அங்கே மாவில் முட்டையும் பசலைக்கீரையும் சேர்த்துப் பச்சைத் தகடுகள் செய்வர். மாவை வெண்ணெயில் வதக்கிப் பால் ஊற்றிக் காய்ச்சும் பெஷமெல் என்னும் வெண்குழம்பும், ராகு என்னும் இறைச்சிக் குழம்பும், பர்மா நகர்ப் பாலாடைக்கட்டியும் அடுக்குகளிடையே இடம்பெறும். இத்தாலியச் சமையற் கழகத்தார் ராகுவின் செய்முறையை 1982 ஆம் ஆண்டிலும், பச்சை லசானியாவின் செய்முறையை 2003 ஆம் ஆண்டிலும் பொலோஞா வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவு செய்தனர். வேறுபாட்டிற்குக் காரணம் மண்ணே. தென்னாட்டில் விளைவது கெட்டியான கோதுமை. அதன் ரவை நீர் சேர்த்த அளவில் உறுதிபெறும். வடநாட்டுக் கோதுமை மென்மையானது. அதற்கு முட்டை உறுதி தரும். வடக்கின் மேய்ச்சல் நிலங்கள் பாலையும் வெண்ணெயையும் தந்தன. தெற்கின் வெயில் தக்காளியைத் தந்தது.

மார்க்கே மாநிலத்தில் இதனை ஒத்த வின்சிஸ்கிராஸி என்றோர் உணவு உண்டு. 1799 ஆம் ஆண்டில் அங்கோனா நகர முற்றுகையில் பங்குகொண்ட விண்டிஷ்கிரேட்ஸ் என்னும் ஆஸ்திரியத் தளபதியின் பெயரால் அது வழங்கலாயிற்று என்பது ஊரார் கூற்று. ஆயின் அந்தோனியோ நெப்பியா என்பவர் அதற்கு முன்னரே வெளியிட்ட சமையல் நூலில் பிரின்சிஸ்கிராஸ் என்னும் பெயர் காணப்படுகின்றது. தளபதி வருமுன்னரே பெயர் வந்துவிட்டது! மார்க்கோ போலோ கதையை வீழ்த்திய அதே கருவிதான், அதாவது ஆண்டுக் கணக்குத்தான், இக்கதையையும் வீழ்த்துகின்றது.

ஈர்ப்பின் காரணம்

இத்துணை நாட்டினரும் இவ்வுணவை விரும்புவதற்குக் காரணம் என்ன? அறிவியல் இதற்குச் சில விடைகள் தருகின்றது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், வெந்த தகடு கரைந்துவிடாமல் அதனை இழுத்துப் பிடிக்கின்றது. தகட்டின் மாச்சத்து குழம்பின் ஈரத்தை உறிஞ்சி அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றது. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் அறுத்தால் லசானியா சரிந்துவிடும். சிறிது நேரம் ஆறவிட்டால் கட்டிடம்போல் நிமிர்ந்து நிற்கும்.

மேற்பரப்பு பொன்னிறமாவதற்குக் காரணமான வினையை 1912 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் மையார் விளக்கினார். புரதக் கூறுகளும் சருக்கரையும் வெப்பத்தில் இணைந்து புதிய மணத்தையும் நிறத்தையும் தருகின்றன. பழுத்த தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் குளூட்டமேட்டு என்னும் பொருள் மிகுதி. 1908 ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இக்கேடா, உமாமி எனத் தனிச்சுவையாகப் பெயரிட்டது இப்பொருளின் சுவையையே. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, இடையே காரமும் புளிப்பும் பாலின் இனிமையும் என ஒரு கவளத்திலேயே பல சுவைகள் கூடுகின்றன.

அறிவியல் கூறாத காரணமும் ஒன்றுண்டு. லசானியா ஒருவருக்கெனச் சமைக்கப்படுவதன்று. குழம்பு கொதிக்கப் பல மணி நேரம் வேண்டும். மாவு தேய்க்கவும் அடுக்கவும் கைகள் பல வேண்டும். ஒரே தட்டிலிருந்து குடும்பத்தார் அனைவரும் பங்கிட்டு உண்பர். ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் உரிய உணவாக அது நிலைபெற்றது இதனாலேயே. 1880 முதல் 1920 வரையுள்ள காலத்தில் நாற்பது இலட்சம் அளவிலான இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவருள் பெரும்பாலோர் வறுமையால் ஊர் துறந்த தென்னாட்டவர். அமெரிக்க லசானியாவில் பாற்குழம்பு குன்றி ரிக்கோத்தாவும் தக்காளியும் ஓங்கி நிற்பதன் காரணம் அவர்தம் ஊர்வழக்கே. தாயகத்தில் திருவிழாவுக்கு மட்டும் கிட்டிய உணவு, உழைத்துப் பொருளீட்டிய புதுநாட்டில் வாரந்தோறும் கிட்டியது. பிறந்த ஊரின் நினைவை மறுதலைமுறைக்கு ஊட்டும் கருவியாகவும் அது பயன்பட்டது.

முடிவுரை

லசானியாவை ஒருவர் ஒருநாளில் கண்டுபிடிக்கவில்லை. பெயரில் கிரேக்கச் சாயல். அடுக்குதலில் உரோமர் வழக்கம். பாஸ்தாத் தொழிலில் அரபியர் பங்கு. நறுமணத்தில் ஆசியக் கடல் வணிகம். செந்நிறத்தில் அமெரிக்கச் செடி. இவற்றை எல்லாம் ஒரு தட்டில் இணைத்த திறம் இத்தாலியருடையது. பிறரிடமிருந்து பெற்றவை பல என்பதனால் இத்தாலியரின் பெருமை குறையவில்லை. பெற்றதைத் தமதாக்கி வளர்த்ததே அவர்தம் பெருமை.

தம் இனத்தின் பெருமையை நிலைநாட்ட விழைவோர் எவர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. ஒலியால் ஒத்த சொல் ஒன்று கிடைத்தவுடன் முடிவுக்கு வருதல் தகாது. இனிக்கும் கதையைக் கேட்டவுடன் எழுதிவைத்தலும் தகாது. எந்த ஏடு, எந்த ஆண்டு, எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்னும் நான்கு வினாக்களை வகுப்பறையில் பழகிய மாணவன், உணவின் வரலாறாயினும் மொழியின் வரலாறாயினும் ஏமாறமாட்டான். சான்றின்மேல் நிற்கும் பெருமை சிறிதாயினும் நிலைக்கும். கதையின்மேல் நிற்கும் பெருமை ஓர் ஆண்டுக் கணக்கிலேயே சரிந்துவிடும்.